கையில் எடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாது

டிஎல்எம் (கற்றல் கற்பித்தல் பொருள்) என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சார்ட், தெர்மாகோல், ஜிகினா பேப்பர், ஸ்கெட்ச் பேனா, அப்புறம் ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்து வெட்டி ஒட்டுவது. சுவரில் தொங்கவிட்டால் வகுப்பறை பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வெட்டியது டீச்சர், ஒட்டியது டீச்சர், எது எங்கே வரவேண்டும் என்று யோசித்ததும் டீச்சர். பிள்ளைகள் செய்ததெல்லாம் அண்ணாந்து பார்த்தது மட்டும்தான். ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதனால் பெரிய பயன் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு நேர் எதிரான நம்பிக்கை ஒன்றும் இருக்கிறது. புளியங்கொட்டையை அள்ளிக் கையில் கொடுத்துவிட்டால் பிள்ளை தானாகவே கணக்குக் கற்றுக்கொள்ளும் என்பது. அதுவும் நடக்காது. கொட்டையை உருட்டி விளையாடிக்கொண்டே இருபது நிமிடம் போய்விடும், மணி அடித்துவிடும். பொருளைக் கொடுக்கும்போது கூடவே ஒரு கேள்வியையும் கொடுக்க வேண்டும். முதலில் ஊகித்துச் சொல்லச் சொல்ல வேண்டும், அப்புறம் செய்து பார்க்க விட வேண்டும், ஊகம் சரியாக வந்ததா இல்லையா, ஏன் என்று அந்தப் பிள்ளையே வாயால் சொல்ல வேண்டும், நோட்டும் பென்சிலும் அதற்கெல்லாம் பிறகுதான். இதில் நடுவில் உள்ள பேச்சைத்தான் நாம் நேரமில்லை என்று விட்டுவிடுகிறோம், எனக்குத் தெரிந்து அதுதான் இருப்பதிலேயே முக்கியமானது.

நான் வேலை பார்ப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், குளச்சலுக்கும் தக்கலைக்கும் நடுவில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில். ஒன்று, இரண்டு, மூன்று என மூன்று வகுப்பும் ஒரே அறையில். கடலுக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள், விடியற்காலையில் ரப்பர் வெட்டப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள், அம்மா அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, வேலைக்குப் போகிற பிள்ளைகள் எல்லாரும் கலந்து இருக்கிறார்கள். அதனால் பொருளுக்குப் பஞ்சமே கிடையாது. சிரட்டை (கொட்டாங்கச்சி), ஈர்க்கில் (தென்னை ஓலையின் நடுக்குச்சி), பனையோலை, சிப்பி, புளியங்கொட்டை, மஞ்சாடி (ஒரு சிவப்பு விதை) என்று எது கேட்டாலும் மறுநாள் பையில் வந்துவிடும், கேட்காததும் வரும்.

ஈர்க்கில் கட்டிலிருந்தே தொடங்குகிறேன். வீட்டில் துடைப்பத்துக்குச் சீவியதில் மீந்த ஈர்க்கிலை விரல் நீளத்துக்கு வெட்டிக்கொள்கிறோம், முனை குத்தாமல் இருக்கத் தரையில் தேய்த்துக்கொள்கிறோம். பத்து எண்ணி ரப்பர் பேண்ட் போட்டால் ஒரு கட்டு. கட்டுவதைப் பிள்ளைகள்தான் செய்ய வேண்டும், டீச்சர் கட்டி வைத்துக் கொடுக்கவே கூடாது. ஒருவர் கட்டியதைப் பக்கத்தில் உள்ளவர் அவிழ்த்து எண்ணிப் பார்ப்பார். ஒன்பது இருந்தாலும் பதினொன்று இருந்தாலும் அங்கேயே பெரிய வழக்கு நடக்கும். ‘பத்து ஒன்றுகள் சேர்ந்தால் ஒரு பத்து’ என்று நான் பலகையில் எழுதிக் காட்டுவதைவிட அந்த வழக்கில் அது நன்றாகப் பதிகிறது.

அப்புறம் கழித்தல். மூன்று கட்டும் இரண்டு ஈர்க்கிலும் கையில் இருக்கிறது, அதாவது முப்பத்திரண்டு. இதிலிருந்து ஏழு எடுத்துக் கொடு என்று கேட்டுவிட்டு நான் வாயை மூடிக்கொள்வேன். உதிரியாக இருப்பது இரண்டுதான். பிள்ளை என்னைப் பார்க்கும், கட்டைப் பார்க்கும், மறுபடி என்னைப் பார்க்கும். கொஞ்சம் பொறுத்தால் அந்தக் கேள்வி வரும். “டீச்சர், கெட்ட அவுக்கட்டா?” அவுக்கலாம் மக்களே, உனக்க கெட்டுதானே! இரண்டாம் வகுப்பில் இந்த இடத்தைத்தான் நாம் ‘பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்று சொல்லிக் கொடுக்கிறோம். பிள்ளையும் மேலே ஒரு கோடு போட்டு எதையோ வாங்குகிறது, யாரிடமிருந்து எதை வாங்குகிறோம் என்று அதற்குத் தெரியாது, அதனால் அடுத்த வாரமே மறந்துபோகிறது. கட்டைத் தானே கேட்டு அவிழ்த்த பிள்ளைக்குக் கடனும் வேண்டாம், பக்கத்து வீடும் வேண்டாம். பள்ளிக்குக் கொடுக்கிற கணக்கு உபகரணப் பெட்டியில் (கிட்டில்) வருகிற பிளாஸ்டிக் பத்துக் கோல் இதற்கு உதவாது, காரணம் அதை அவிழ்க்க முடியாது, பத்து ஒன்றுகளாக மாற்றித்தான் வாங்க முடியும். அது பின்னால் வரலாம். முதலில் அவிழ்க்கக்கூடிய பத்துதான் வேண்டும்.

எழுத்துக்கு வருகிறேன், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழில் 247 எழுத்து என்று பயமுறுத்துகிறார்களே, அதில் 216 உயிர்மெய். பதினெட்டு மெய்யும் பன்னிரண்டு உயிரும் சேர்வது எப்படி என்று பிடிபட்டுவிட்டால் அந்த 216 தனித்தனிப் பாரமாக இருக்காது. ஆனால் சேருகிற விதம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல, பிள்ளைகள் சறுக்குவது அங்கேதான். ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காதில் முதலில் விழுவது ‘க்’ ஒலி. எழுதும்போது முதலில் வருவதோ ஒற்றைக் கொம்பு, அதன் பிறகு க, அதன் பிறகு துணைக்கால். காது சொல்லும் வரிசையும் கை எழுதும் வரிசையும் வேறு வேறு. ‘கொக்கு’ சொல்லி எழுதச் சொன்னால் க போட்டுவிட்டு இடப்பக்கம் இடமில்லாமல் தவிக்கும் பிள்ளைகளைப் பார்க்காத டீச்சர் இருக்க மாட்டார்கள்.

இதற்கு நாங்கள் பழைய கல்யாணக் கார்டுகளை வெட்டி எழுத்தட்டை செய்து வைத்திருக்கிறோம். நம்ம ஊர்க் கல்யாணக் கார்டு நல்ல கனமாக இருக்கும், பின்பக்கம் வெள்ளையாகவும் இருக்கும். ஒரு பெட்டியில் க, ச, ட, த, ப, ம முதலிய எழுத்துகள். இன்னொரு பெட்டியில் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு, துணைக்கால். ‘மொட்டு’ என்று சொன்னதும் பிள்ளை முதலில் ம அட்டையை நடுவில் வைக்கட்டும், காது கேட்ட வரிசைப்படியே. அப்புறம் கொம்பை இடப்பக்கம் நகர்த்தி வைக்கட்டும், துணைக்காலை வலப்பக்கம் வைக்கட்டும். அட்டையை நகர்த்த முடியும் என்பதுதான் இங்கே விஷயம். காகிதத்தில் பென்சிலால் போட்டதை நகர்த்த முடியாது, அழிக்கத்தான் முடியும், அழிக்க அழிக்கப் பிள்ளைக்கு எழுத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிடுகிறது. ஒற்றைக் கொம்பை எடுத்துவிட்டு இரட்டைக் கொம்பை வைத்தால் மொ, மோ ஆகிறது. துணைக்காலை மட்டும் உருவினால் மே. வைத்து வைத்து வாயால் சொல்லிச் சொல்லிப் பார்த்தால் ஒரே வாரத்தில் ஒரு கூட்டம் எழுத்து வசப்படுகிறது.

ஆனால் உகர, ஊகார வரிசைக்கு இந்த அட்டை வேலைக்கே ஆகாது. கு, சு, து, மு என்று எழுதிப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் அந்த வளைவு ஒவ்வொரு விதமாக எழுத்தோடு ஒட்டிப் போகிறது. தனியாகக் கழற்றி அட்டையில் எழுத முடியாது. அந்த வரிசைக்கு மணல்தான். தட்டில் மணலைப் பரப்பி விரலால் எழுதி, கை எந்தப் பக்கம் சுழல்கிறது என்று சொல்லிக்கொண்டே எழுதுவது. பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுத வைத்தவர்களுக்கு இது தெரிந்துதான் இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே செயல்பாடு என்று எங்காவது பயிற்சியில் சொன்னால் நம்பாதீர்கள், எழுத்தின் குணத்தைப் பார்த்துத்தான் பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நீள அளவைக்கு முழம். பெஞ்சு நீளத்தை ஒவ்வொருவரும் தன் கையால் முழம் போட்டு அளக்க வேண்டும், முதலில் எத்தனை வரும் என்று சொல்லிவிட்டு. விடை ஆளுக்கு ஒன்றாக வரும். நீ தப்பா அளந்தே, நான் சரியா அளந்தேன் என்று சண்டை. அதை நான் தடுப்பதில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு குரல், “அவனுக்க கை சின்னது டீச்சர்!” அவ்வளவுதான், பாடம் நடந்துவிட்டது. பூ கட்டி விற்கிறவர் வீட்டுப் பிள்ளை ஒருத்தி இருந்தாள், தோவாளைச் சந்தையில் உதிரிப்பூ எடுத்து வந்து கட்டி முழம் போட்டு விற்பார்கள். அவள் நிதானமாகச் சொன்னாள், “அப்போ பூ வாங்கணும்னா கை நீளமுள்ள அக்காகிட்டதான் வாங்கணும்.” எல்லாருக்கும் ஒரே அளவு ஏன் வேண்டும் என்று அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அப்புறம் ஒரே நீளக் கயிறு, அப்புறம் ஸ்கேல், மூன்றாம் வகுப்பில் மீட்டரும் சென்டிமீட்டரும்.

பூ என்றதும் இன்னொன்று. தோவாளை மாணிக்கமாலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூவை மடித்து வரிசை பிசகாமல் அடுக்கிக் கோர்ப்பதால் மாணிக்கக் கல் பதித்த மாதிரி தெரியும் அந்த மாலை முழுக்க முழுக்கக் கணக்கு. அதைப் பார்த்துத்தான் வகுப்பில் அமைப்பு வரிசைப் பாடத்தைப் பூவும் இலையும் வைத்து நடத்தினோம். பச்சை இலை, வெள்ளைப் பூ, வெள்ளைப் பூ, மறுபடி பச்சை இலை என்று ஒருவர் தொடங்குவார். கோர்த்து முடிப்பதற்கு முன்னாலேயே பத்தாவது இடத்தில் என்ன வரும் என்று அடுத்தவர் சொல்ல வேண்டும். விரல் விட்டு எண்ணுகிறவர்கள் இருந்தார்கள், ஒன்று, நாலு, ஏழு, பத்து என்று தாவிச் சொன்ன ஒரு குட்டியும் இருந்தான். பெருக்கல் வாய்ப்பாட்டை இன்னும் தொடாத பிள்ளை!

இங்கே ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து படித்துவிட்டுப் போங்கள். கையில் கிடைக்கிற எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது. குன்றிமணி பார்க்க அழகு, எண்ணவும் வசதி, ஆனால் உள்ளே இருப்பது கொடிய விஷம், ஓடு உடைந்து வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அதற்குப் பதில் மஞ்சாடி எடுக்கலாம், அதையும் வாயில் போட விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாலை கட்டுகிறவர்கள் எல்லாரும் எடுக்கிற அரளிப் பூ வகுப்புக்குள் வேண்டவே வேண்டாம், செடி முழுவதுமே விஷம். நம்ம மாவட்டத்தில் எளிதாகக் கிடைக்கிற வறுக்காத கொல்லாங்கொட்டையும் (முந்திரிக்கொட்டை) அப்படித்தான், ஓட்டில் உள்ள பால் பட்டால் தோல் பொத்துப் போகும். அண்டி ஆபீஸில் வேலை செய்கிற அம்மாக்களின் கைகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிறிய மணி எதையும் மூக்கில் நுழைத்துப் பார்ப்பார்கள், ஆகவே அவர்களுக்குப் புளியங்கொட்டையும் வேண்டாம், சிரட்டைத் துண்டு, சிப்பி, பெரிய கூழாங்கல் போதும்.

செய்து கற்பது நமக்குப் புதிதல்ல. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றல் நம் தொடக்கப் பள்ளிகளின் முகத்தையே மாற்றியது. ஆந்திராவில் உள்ள ரிஷிவேலிப் பள்ளியின் முறையிலிருந்து வந்த, எதற்குப் பின் எதைக் கற்க வேண்டும் என்று காட்டும் ஏணிப்படி, அட்டைகள், பிள்ளைகளின் கைக்கு எட்டும் கீழ்மட்டக் கரும்பலகை, தரையில் வட்டமாக உட்காருவது எல்லாம் அப்போது வந்தவை. எங்கள் வகுப்பில் அந்தக் கீழ்மட்டப் பலகைகள் இன்றைக்கும் தினமும் உபயோகத்தில் உள்ளன. ஆனால் அட்டை எண்ணைப் பார்த்து அடுத்த அட்டைக்கு நகர்வதிலேயே கவனம் போனதால் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பேசுவது குறைந்துபோனது என்றே எனக்குப் படுகிறது. கொரோனா காலத்து இழப்பை ஈடுகட்ட 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் திறனைப் பார்த்து அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறோம். எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் வேண்டும், 2025க்குள் அதை எட்ட வேண்டும் என்பது தொடக்கத்தில் வைத்த இலக்கு. பாட்டு, கதை, பொம்மலாட்டம் என்று உள்ளே நல்ல விஷயங்கள் நிறைய. ஆனால் நடத்திய பாடத்தை மதிப்பீடு செய்து செல்போன் செயலியில் ஏற்றுவதில் போகிற நேரம் பிள்ளைகளோடு பேசுகிற நேரத்தைத்தான் தின்கிறது. அரும்பு நிலைப் பிள்ளைக்குத்தான் கையில் பொருள் அதிக நேரம் இருக்க வேண்டும், நடைமுறையில் அந்தப் பிள்ளைக்குத்தான் அவசர அவசரமாகப் பயிற்சித் தாள் போகிறது. இது மாற வேண்டும்.

பெற்றோர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. “நோட்டுல ஒண்ணும் எழுதல்லியே டீச்சர், வெளையாடவா பள்ளிக்கூடத்துக்கு விடுதோம்?” என்று ஒரு பாட்டா கேட்டார். பக்கத்து இங்கிலீஷ் மீடியத்தில் எல்.கே.ஜி. பிள்ளைக்கே நாலு பக்கம் வீட்டுப்பாடம், அதைப் பார்க்கிறவருக்கு இப்படித்தான் தோன்றும். அவரை மறுநாள் வகுப்பில் வந்து உட்காரச் சொன்னேன். வந்தார். ஈர்க்கில் கட்டை அவிழ்த்துப் பேரன் கழித்துக் காட்டியதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஓலைக் காற்றாடி செய்வது என்று பேச்சு வந்தபோது நான் பிடித்த விதம் அவருக்குப் பிடிக்காமல் ஓலையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பனையோலையை எப்படிக் கீறினால் பிரியாது, உடைமுள்ளை எந்த இடத்தில் குத்தினால் தட்டாமல் சுற்றும் என்று பிள்ளைகளுக்கு அவரே காட்டினார். ஜூன், ஜூலையில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கிற தென்மேற்குக் காற்றுக்குத்தானே முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன, பஸ்ஸில் போகும்போது எல்லாப் பிள்ளைகளும் பார்த்தவைதான். எங்கள் ஓலைக் காற்றாடியைக் காற்று வரும் பக்கம் திருப்பிப் பிடித்தால் சுற்றுகிறது, பக்கவாட்டில் பிடித்தால் நிற்கிறது, அப்படியானால் அவ்வளவு பெரிய இறக்கையை யார் திருப்புவார்கள் என்று ஒருவன் கேட்டான். காற்றின் திசையைப் பார்த்துத் தலையைத் திருப்புகிற மோட்டார் அதற்குள்ளேயே இருக்கிறது என்று சொன்னேன். மூன்றாம் வகுப்பில் இதைவிட நல்ல கேள்வியை நான் கேட்டதில்லை.

காந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மணவாளக்குறிச்சிப் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போன பிள்ளை ஒரு பிடி மணல் கொண்டுவந்தது, கறுப்பும் சிவப்பும் கொஞ்சம் வெள்ளையுமாக. கெட்டுப்போன ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் எங்களிடம் இருந்தது. மணல் ஒட்டுமா? ஒட்டாது என்று வகுப்பே சொன்னது, மணல் இரும்பு இல்லையே! காந்தத்தைப் பாலித்தீன் பைக்குள் போட்டுத்தான் மணலில் விட வேண்டும், இல்லையென்றால் ஒட்டியதைப் பிரித்தெடுக்க முடியாமல் காந்தமே வீணாகிவிடும். பையோடு எடுத்தபோது கறுப்பு மணிகளில் ஒரு பகுதி முடிபோல எழும்பி நின்றது, வெள்ளை மணல் அசையவில்லை. அங்கே உள்ள மணல் ஆலையிலும் காந்தத்தையும் மின்சாரத்தையும் வைத்துத்தான் கனிமங்களைப் பிரிக்கிறார்கள் என்றும், இல்மனைட் என்கிற கறுப்பு மணலிலிருந்துதான் பெயின்டுக்கான வெள்ளை நிறமி செய்கிறார்கள் என்றும் சொன்னபோது கறுப்பிலிருந்து வெள்ளையா என்று யாரும் நம்பவில்லை. நம்ப வேண்டாம், பெரிய வகுப்பில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டேன்.

பொருளைச் சேர்ப்பது சுலபம், காப்பாற்றுவதுதான் பாடு. நமக்கு வருஷத்தில் இரண்டு மழைக்காலம், புளியங்கொட்டையில் வண்டு விழும், ஓலை பூசணம் பிடிக்கும், அட்டை நமுத்துப் போகும். மூடி உள்ள பெயின்ட் வாளிகளைக் கழுவிக் காயவைத்து அதில் போடுங்கள், வாளிக்கு வெளியே உள்ளே இருக்கும் பொருளின் படத்தை ஒட்டிவிட்டால் எடுத்த இடத்தில் பிள்ளைகளே திருப்பி வைப்பார்கள். கொட்டைகளை மாதத்துக்கு ஒருமுறை வெயிலில் போட வேண்டும்.

ஐப்பசி மழைக்கு இந்த முறை மழைமானி வைக்கப் போகிறோம். இரண்டு லிட்டர் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, அதையே தலைகீழாகப் புனல் மாதிரி செருக வேண்டும். பக்கம் நேராக உள்ள பாட்டிலாகப் பாருங்கள். பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, கல் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் பூஜ்யம் என்று கோடு போட்டு, அதிலிருந்து ஸ்கேலை ஒட்ட வேண்டும். மரத்தடியிலோ கூரை ஓரத்திலோ வைக்கக் கூடாது. காலையில் மணி அடித்ததும் மூன்றாம் வகுப்பு அளவை வாசிக்கும், இரண்டாம் வகுப்பு பலகையில் எழுதும், ஒன்றாம் வகுப்பு நேற்றைவிட இன்று கூடவா குறைவா என்று சொல்லும். வாசித்து முடித்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி பூஜ்யக் கோடு வரை நிரப்பி வைப்பது யார் என்பதற்கு இப்போதே பெயர்ப் பட்டியல் போட்டு ஒட்டியாகிவிட்டது.